டம்ளர் எங்கே உடைந்தது? காமிக்ஸ் ஆய்வுக்கு ஓர் அறிமுகம்

இரண்டே கட்டங்கள் உள்ள ஒரு சித்திரக்கதையை மனதில் வரைந்து பாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு மேஜை, அதன் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர். அதை நோக்கி ஒரு பூனையின் முன்னங்கால் நீள்கிறது. இரண்டாவது கட்டத்தில் வேறொரு அறை. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று தலையைத் திருப்புகிறார். அவ்வளவுதான் கதை.

டம்ளர் உடைந்ததா? உடைந்தது என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். சிலருக்குச் சத்தம்கூடக் கேட்டிருக்கும். ஆனால் ஓவியர் உடைந்த டம்ளரை வரையவே இல்லை. ‘சிலீர்’ என்று ஓரெழுத்துகூட எழுதவில்லை. டம்ளர் உடைந்தது அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில், அதாவது நம் தலைக்குள். பழியைப் பூனைமேல் போட்டுவிட்டோம். தள்ளிவிட்டது என்னவோ நாம்தான்.

காமிக்ஸ் ஆய்வு என்று இன்று பல்கலைக்கழகங்களில் நடக்கும் துறைக்குள் நுழைய இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? வேறொரு நாட்டில், வேறு வகைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவரும் இதே மாதிரிதான் நிரப்புவாரா? இதையே சினிமாவாக எடுத்தால் அந்த இடைவெளி என்ன ஆகும்? முதல் கேள்வி வாசிப்பைப் பற்றியது, இரண்டாவது பண்பாட்டைப் பற்றியது, மூன்றாவது ஊடகத்தைப் பற்றியது. துறையில் எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

பெயரிலேயே தொடங்கும் வேறுபாடு

இத்தாலியர்கள் காமிக்ஸை ஃபுமெட்டி என்கிறார்கள். ‘சின்னச் சின்னப் புகைகள்’ என்று பொருள். பாத்திரங்களின் வாயிலிருந்து கிளம்பும் பேச்சு பலூன்கள் அவர்கள் கண்ணுக்குப் புகையாகத் தெரிந்திருக்கின்றன. பிரேசிலில் குவாட்ரினியோஸ், அதாவது ‘குட்டிக் கட்டங்கள்’. பிரெஞ்சில் பாந்த் தெஸினே, ‘வரையப்பட்ட பட்டை’. ஸ்பெயினில் 1917-இல் டி.பி.ஓ. என்றொரு பத்திரிகை வந்தது. அதன் பெயரே தெபெயோ என்று மருவி, எல்லாக் காமிக்ஸுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஜப்பானின் மங்கா, கொரியாவின் மன்ஹ்வா, சீனாவின் மன்ஹுவா ஆகிய மூன்றும் ஒரே இரண்டு சீன எழுத்துகளின் மூன்று உச்சரிப்புகள். ஆங்கிலத்தில் காமிக்ஸ் என்று பெயர் வந்ததற்குக் காரணம், செய்தித்தாள்களில் ஆரம்பத்தில் வந்தவை சிரிப்புப் படங்களாக இருந்ததுதான்.

ஒருவர் பலூனைப் பார்த்தார், ஒருவர் கட்டத்தைப் பார்த்தார், இன்னொருவர் பட்டையைப் பார்த்தார், ஆங்கிலேயர் சிரிப்பைப் பார்த்தார். தமிழில் நாம் சித்திரக்கதை, படக்கதை என்றோம். நம் கண் கதைமேல்தான் இருந்திருக்கிறது. எந்தப் பெயரும் முழுசாகப் பொருந்துவதில்லை. யூதப் படுகொலையைப் பற்றிய ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் ‘சிரிப்பு’ என்ற பொருள் வரும் சொல்லால் அழைக்க வேண்டியிருக்கிறது. கிராஃபிக் நாவல் என்ற சொல் பிரபலமானதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம். விற்பனைக்கு வசதியாக இருந்தது என்பது இன்னொரு காரணம்.

சரி, காமிக்ஸ் என்றால் என்ன என்று ஒரு வரையறை வேண்டாமா? அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல் ஒன்று தந்தார். சுருக்கமாகச் சொன்னால், வேண்டுமென்றே ஒரு வரிசையில் அருகருகே வைக்கப்பட்ட படங்கள். இதன்படி, செய்தித்தாளில் வரும் ஒற்றைக் கட்டக் கேலிச்சித்திரம் காமிக்ஸ் ஆகாது. ஆனால் ரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பிய டிராஜன் தூணின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளே வந்துவிடும். ‘முதல் காமிக்ஸ் எது’ என்ற சண்டையும் இப்படித்தான். ஜெனீவாவில் பள்ளி நடத்திய ரோடோல்ஃப் டோப்ஃபர் 1830-களில் வெளியிட்ட படக்கதைகள்தான் தொடக்கம் என்று ஒரு கட்சி. 1890-களில் நியூயார்க் செய்தித்தாள்களில் மஞ்சள் அங்கியோடு வந்த ‘யெல்லோ கிட்’ தான் என்று இன்னொரு கட்சி. இதில் அதிக நேரம் செலவிடுவது வீண் என்பது என் எண்ணம். ஒவ்வொரு வரையறையும் எதை வெளியே தள்ளுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இந்த டோப்ஃபரைப் பற்றி இன்னொரு செய்தி. 1845-இல், படங்களால் கதை சொல்வது எப்படி, இரண்டு கோடுகளை மாற்றினால் முகத்தின் குணமே எப்படி மாறுகிறது என்றெல்லாம் அவரே ஒரு சிறுநூல் எழுதினார். காமிக்ஸைப் பற்றிய முதல் கோட்பாட்டு எழுத்து என்று பலர் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆக, இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் வெளியே நின்று பார்த்த விமர்சகர் அல்ல, படம் போட்டவரே.

கெட்ட பெயரும் அப்புறம் வந்த மரியாதையும்

கல்வி உலகம் காமிக்ஸை நெடுநாள் அண்டவிடவில்லை. அண்டவிடாதது மட்டுமல்ல, பயந்தும் போனது. ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் 1954-இல் வெளியிட்ட ஒரு நூலில், குற்றம் செய்யும் சிறுவர்கள் கெட்டுப்போக காமிக்ஸ் ஒரு காரணம் என்று வாதிட்டார். அதே ஆண்டு அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். அது முற்றிலும் கைவிடப்பட்டது 2011-இல்தான்.

இது அமெரிக்காவின் தனிக்கதை அல்ல. பிரான்ஸ் 1949-லேயே சிறுவர் இதழ்களைக் கண்காணிக்கச் சட்டம் போட்டுவிட்டது. பிரிட்டன் 1955-இல் போட்டது. காமிக்ஸைப் போலவே காமிக்ஸைப் பற்றிய பயமும் கடல் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு நாட்டை மட்டும் வைத்துப் படித்தால் இது கண்ணில் படாது.

வெர்தமை வில்லனாக்கி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மருத்துவமனை நடத்தியவர். நிறவாரியாகப் பள்ளிகளைப் பிரித்துவைத்ததை எதிர்த்த வழக்கில் அவரது ஆய்வு சான்றாகப் பயன்பட்டது. அவருடைய கோப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பூட்டிக்கிடந்தன. அவை திறக்கப்பட்ட பிறகு, கேரல் டில்லி என்ற நூலகவியல் அறிஞர் பொறுமையாக உட்கார்ந்து மருத்துவக் குறிப்புகளையும் அச்சான நூலையும் ஒப்பிட்டார். 2012-இல் வந்த அவரது கட்டுரை, வெர்தம் சான்றுகளை மிகைப்படுத்தியும் மாற்றியும் எழுதியிருந்ததைக் காட்டியது. இருவர் சொன்னதை ஒருவர் சொன்னதாக ஒட்டவைத்த இடமும் உண்டு. அறுபது ஆண்டுகளாக இரு தரப்பும் கத்திக்கொண்டிருந்த விவகாரத்தைக் காகிதத்தைப் புரட்டித் தெளிவாக்கிய இந்த வேலை, காமிக்ஸ் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

மரியாதை முதலில் ஐரோப்பாவில்தான் கிடைத்தது. 1960-களில் பிரெஞ்சுக்காரர்கள் காமிக்ஸை ‘ஒன்பதாவது கலை’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். இத்தாலியில் உம்பெர்ட்டோ எக்கோ சூப்பர்மேனைப் பற்றித் தீவிரமாகக் கட்டுரை எழுதினார். அவன் வளரவும் கூடாது, கல்யாணம் செய்து குடும்பஸ்தன் ஆகவும் கூடாது, ஆனால் வாராவாரம் ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் கதைகளில் காலம் எப்படி ஓடுகிறது என்பது அவர் கேள்வி. இந்தக் கேள்வியைத் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் கேட்டுப் பார்க்கலாம், நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் திருப்பம் வந்தது ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ நூலால். தன் தந்தை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய கதையை, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து சொன்னார். 1992-இல் அதற்குச் சிறப்பு புலிட்சர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு, இது பாடத்திட்டத்தில் வரலாமா என்று கேட்டவர்களின் குரல் குறைந்தது. இன்று துறைக்கென்று ஆய்விதழ்கள் பல உண்டு. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1977-இல் தொடங்கிய கேலிச்சித்திர நூலகமும், ஜப்பானின் கியோட்டோவில் ஒரு பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் 2006-இல் திறந்த மங்கா அருங்காட்சியகமும் ஆய்வாளர்கள் தேடிப் போகும் இடங்கள்.

இடைவெளியை அளப்பது

மறுபடி நம் டம்ளருக்கு வருவோம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நாம் தாவுவதை மெக்கிளவுட் ஆறு வகையாகப் பிரித்தார். கண் மூடித் திறப்பது போன்ற நொடித் தாவல் ஒன்று. பந்தை எறிகிறான், அது போய் விழுகிறது என்பது போன்ற செயல் தாவல் ஒன்று. ஒரே காட்சிக்குள், அல்லது ஒரே கருத்துக்குள், ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்குப் போவது ஒன்று. நம் பூனைக் கதை இந்த வகை. ‘பத்து வருடங்களுக்குப் பிறகு’ என்று காட்சியே மாறுவது ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தாவல் ஒன்று. ஆறாவதுதான் சுவாரசியமானது. அதில் காலம் நகராது, கண் மட்டும் நகரும். கூரையிலிருந்து சொட்டும் நீர், நனைந்த செருப்பு, ஜன்னல் கம்பி, சாம்பல் வானம் என்று நான்கு கட்டங்கள். எதுவும் நடக்கவில்லை, மழை பெய்கிறது, அவ்வளவே.

அவர் சில காமிக்ஸை எடுத்து, எந்தத் தாவல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அமெரிக்கக் கதைகளில் இந்த ஆறாவது வகை ஏறக்குறைய இல்லை. ஜப்பானிய மங்காவில் கணிசமாக இருந்தது. இதற்குக் கீழைநாட்டு மனம், தியானம் என்று விளக்கம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட தடித்த வார இதழ்களில் கதை ஓடும்போது, மழைக்கு நான்கு கட்டம் ஒதுக்க ஓவியருக்கு இடம் இருக்கிறது. இருபத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு மாத இதழை முடிக்க வேண்டியவருக்கு அந்த வசதி கிடையாது. பண்பாடு என்று நாம் சொல்வதில் பாதி, காகிதமும் கால அட்டவணையும்.

பெல்ஜிய அறிஞர் தியெரி கிரோன்ஸ்தீன் 1999-இல் வந்த தன் நூலில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது என்றார். காமிக்ஸ் பக்கத்தைத் திறந்ததும் நம் கண் எல்லாக் கட்டங்களையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறது, பிறகுதான் ஒவ்வொன்றாக வாசிக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் வந்த ஒரு வட்ட ஜன்னல், தொண்ணூறாம் பக்கத்தில் வட்ட நிலாவாகத் திரும்பி வந்தால், அந்த இரண்டு கட்டங்களும் தூரத்திலிருந்தே கைகோத்துக்கொள்ளும். இதற்கு அவர் வைத்த பெயர் பின்னல். தலை பின்னுவது போலத்தான். ஓர் இழை மறையும், பிறகு வெளியே வரும்.

நீல் கோன் என்பவர் இன்னொரு வழியில் போனார். படவரிசையும் ஒரு மொழி போன்றதே, அதற்கும் இலக்கணம் உண்டு என்பது அவர் கட்சி. அதைச் சோதிக்க ‘பீநட்ஸ்’ என்ற அமெரிக்கச் செய்தித்தாள் காமிக்ஸ் துணுக்குகளை எடுத்து, சொற்களை நீக்கிவிட்டு, சிலவற்றில் கட்டங்களின் வரிசையைக் கலைத்தும் போட்டு, படிப்பவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார். பேச்சைக் கேட்கும்போது பொருள் பிடிபடாவிட்டால் எழும் அதே வகை அலை, கலைத்த படங்களைப் பார்க்கும்போதும் எழுந்தது. சரியான வரிசையில் வந்த கதையில், கட்டத்துக்குக் கட்டம் அந்த அலை தணிந்துகொண்டே போனது. காமிக்ஸ் படித்துப் பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் வேறுபாடும் இருந்தது.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு பலருக்கு உறுத்தும். படம் என்றால் யாருக்கும் புரியும், எழுத்துத்தான் கற்க வேண்டியது என்று நாம் நம்புகிறோம். அப்படி இல்லை. படக்கதை பார்த்தே பழகாதவர்கள், அடுத்தடுத்த கட்டங்களில் வரும் ஒரே ஆளை வெவ்வேறு ஆட்களாக எடுத்துக்கொண்ட பதிவுகள் உண்டு. குழந்தைகளுக்கும் இந்தத் திறமை ஏறத்தாழ நாலு முதல் ஆறு வயதுக்குள்தான் படிகிறது. எழுத்தறிவு இல்லாதவர்களுக்குப் படம் போட்டு விளக்கிவிடலாம் என்று துண்டுப்பிரசுரம் அச்சடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மூக்கில் குமிழி, காதில் மௌனம்

பண்பாட்டு வேறுபாட்டைப் பார்க்கப் பெரிய தத்துவம் தேவையில்லை. தூங்குகிறவரை எப்படி வரைகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கத் துணுக்கில் தலைக்கு மேலே ரம்பம் மரக்கட்டையை அறுக்கும் படம் இருக்கும், அல்லது ‘இசட்’ எழுத்துகள் வரிசையாகப் பறக்கும். மங்காவில் மூக்கிலிருந்து ஒரு குமிழி ஊதிக்கொண்டு நிற்கும். குமிழி வெடித்தால் ஆள் விழித்துக்கொண்டார் என்று பொருள். நெற்றியோரம் ஒரு பெரிய வியர்வைத் துளி விழுந்தால் சங்கடம். நரம்பு புடைத்தது போல ஒரு குறுக்குக் குறி வந்தால் கோபம். இவற்றில் எதுவும் இயற்கை அல்ல. மூக்குக் குமிழியை முதன்முறை பார்க்கிற ஒருவர் அந்த ஆளுக்குச் சளி என்றுதான் நினைப்பார்.

ஒலி இன்னும் சிக்கல். ஜப்பானிய மொழியில் மௌனத்துக்கே ஓர் ஒலிக்குறிப்பு உண்டு: ‘ஷீ...ன்’. யாரும் பேசாத அறையில் அந்த எழுத்துகளைப் பெரிதாக, படத்தோடு படமாக வரைவார்கள். இதை மொழிபெயர்ப்பவர் என்ன செய்வது? ஆங்கிலத்தில் பலர் ‘மௌனம்’ என்ற சொல்லையே போட்டார்கள். அது ஒலியைச் சொல்வது அல்ல, பெயரைச் சொல்வது. தமிழ் ஒலிக்குறிப்பில் வளமான மொழி. சலசல, மடமட, நறநற என்று இரட்டைக்கிளவிக்கு இலக்கணத்தில் தனி இடமே இருக்கிறது. ஆனாலும் அமைதிக்கு ஒரு ஒலி நம்மிடம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். காது ‘கொய்ங்’ என்று இரைவதைச் சொல்வோமே, அது கொஞ்சம் பக்கத்தில் வரும். அதுவும் சரியாகப் பொருந்தவில்லை, அது அறை வாங்கியவனுக்குக் கேட்கிற சத்தம்.

அப்புறம் திசை. மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மேற்கில் ஆரம்பத்தில் பக்கங்களைக் கண்ணாடி பிம்பம் போல அப்படியே புரட்டி அச்சடித்தார்கள். கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’ 1988-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது இப்படிப் புரட்டி, போதாக்குறைக்கு வண்ணமும் அடித்திருந்தார்கள். புரட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று தோன்றலாம். வலக்கைக்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். சாமுராயின் வாள் தப்பான இடுப்பில் தொங்கும். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிமோனோவை உயிரோடு இருப்பவர்கள் இடப்பக்கத் துணி மேலே வரும்படி உடுத்துவார்கள். வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது பிணத்துக்கு. படத்தைப் புரட்டிய நொடியில், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற ஒரு குடும்பமே பிண அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கும். 2002 வாக்கில் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் புரட்டாமல் அசல் திசையிலேயே வெளியிடத் தொடங்க, வாசகர்கள் பழகிக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் ‘நில், தப்பான பக்கம் திறந்துவிட்டாய்’ என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை போட்டார்கள், அவ்வளவுதான் செலவு.

கட்டம் என்பதே கட்டாயமா என்று கேட்ட ஒரு நூல் இந்தியாவிலிருந்து வந்தது. 2011-இல் வெளியான ‘பீமாயணா’ அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்வது. வரைந்தவர்கள் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். பாத்திரங்களைப் பெட்டிகளுக்குள் அடைக்க மாட்டோம், அடைத்தால் மூச்சு முட்டும், எங்கள் கலை திறந்தவெளிக் கலை என்பது அவர்கள் நிலைப்பாடு. அதனால் அந்த நூலில் நேர்கோட்டுக் கட்டங்கள் கிடையாது. கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் இடும் திக்னா என்ற கோலங்கள் வளைந்து நெளிந்து பக்கத்தைப் பிரிக்கின்றன. பேச்சு பலூன்களைப் பாருங்கள். ஒடுக்கப்பட்டவர்களும் அன்பானவர்களும் பேசினால் பலூன் பறவை வடிவத்தில் இருக்கும். சாதித் திமிரோடு பேசுகிறவர்களின் பலூனுக்குத் தேள் வால் இருக்கும், கொடுக்கோடு. மனதுக்குள் நினைப்பதற்கு வரும் பலூனில் ஒரு கண் இருக்கும், மனக்கண். பலூனின் வால் யார் பேசுகிறார் என்று காட்டும் அம்புக்குறி மட்டுமே என்று நூறு ஆண்டுகளாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், அவர்கள் அதற்கு விஷம் ஏற்றினார்கள். தண்ணீர் மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் கதையில், யார் பேச்சு கொட்டும், யார் பேச்சு பறக்கும் என்பதைச் சொற்களைப் படிக்கும் முன்பே கண் தெரிந்துகொள்கிறது.

ஊர் மாறும்போது

காமிக்ஸ் ஓரிடத்தில் பிறந்து இன்னோரிடத்தில் வேறு ஆளாக வளர்வதை ஆய்வாளர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். அமெரிக்காவின் லீ ஃபால்க் 1936-இல் உருவாக்கிய ‘ஃபேண்டம்’ என்ற முகமூடி வீரன் நல்ல உதாரணம். மூலத்தில் அவன் வாழும் காட்டுக்குப் பெயர் ‘பெங்காலி’, அவன் எதிரிகள் ‘சிங்’ கொள்ளையர்கள். 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இதை இந்தியாவில் அப்படியே வெளியிட முடியுமா? காட்டை ‘டெங்காலி’ ஆக்கினார்கள், கொள்ளையர்களை ‘சிங்கா’ ஆக்கினார்கள். அதே ஃபேண்டம் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதிக்குப் போனபோது, வாஹ்கி இனத்தார் தங்கள் போர்க் கேடயங்களில் அவனை வரைந்துகொண்டார்கள். சாவே இல்லாதவன் என்பது அவன் பெருமை அல்லவா. கேடயத்துக்கு அதைவிடப் பொருத்தமான படம் எது? ஓர் அமெரிக்கர் கற்பனையில் வடித்த காட்டு ராஜாவை, உண்மையான மலைவாசிகள் எடுத்துத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டதை ‘மேலைநாட்டுத் தாக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த இரும்புக்கை மாயாவியும் இப்படி வந்தவன்தான். 1962 முதல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த கதை, வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தான். மூலத்தலைப்பு அவன் உலோகக் கையை மட்டும்தான் சொல்கிறது. மாயாவி என்பது தமிழ் கொடுத்த பட்டம். அந்தப் பட்டத்தோடு மந்திரக்கதைகளின் வாடையும் சேர்ந்து வந்துவிட்டது. இது எந்த நாட்டுக் காமிக்ஸ் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எதிர்த்திசையில் கோபமான வாசிப்பும் உண்டு. 1971-இல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மன், அர்மான் மாத்தலார் இருவரும் டொனால்ட் டக் கதைகளைப் பிரித்து மேய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். அங்கே அப்பா அம்மா யாரும் இல்லை, மாமாக்கள்தான். யாரும் எதையும் உற்பத்தி செய்வதில்லை, புதையல்தான் தேடுகிறார்கள். அந்தப் புதையலும் எங்கோ தூர தேசத்து அப்பாவிகளின் நிலத்தில் கிடக்கிறது. 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த நூல் எரிக்கப்பட்டது. அவர்கள் வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. படிக்கிற குழந்தை என்ன செய்கிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை. ஆனால் அதைப் படித்த பிறகு வாத்து மாமாவைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

திரைக்குப் போனால்

காமிக்ஸை சினிமாவாக எடுத்தால் ‘மூலத்துக்கு நேர்மையாக இருக்கிறதா’ என்றுதான் ரசிகர்கள் முதலில் கேட்பார்கள். ஆய்வில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு மவுசு இல்லை. எது எந்த ஊடகத்தில் முடியும் என்பதைத்தான் பார்க்கிறார்கள். சினிமாவில் நேரம் இயக்குநர் கையில், காமிக்ஸில் வாசகர் கையில். நம் பூனைக் கதையைப் படமாக்கினால் சத்தத்தை வைத்தே ஆக வேண்டும், அல்லது வேண்டுமென்றே நீக்க வேண்டும். இரண்டுமே இயக்குநர் எடுக்கும் முடிவு, பார்வையாளர் சும்மா இருக்கலாம். 1966-இல் வந்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில் அடி விழும்போதெல்லாம் ஒலிக்குறிப்பைத் திரையில் எழுத்தாகவே போட்டார்கள். ஒலி ஏற்கெனவே காதில் கேட்கிற ஊடகத்தில் ஒலியை எழுதிக் காட்டினால் அது தகவல் அல்ல, கிண்டல். அதே உத்தியை 2018-இல் ஒரு ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம் கட்டங்களோடும் எழுத்துகளோடும் எடுத்தாண்டபோது அது கிண்டலாக இல்லை, காமிக்ஸுக்குக் கும்பிடு போடுவதாக இருந்தது.

இன்று கைப்பேசியில் கீழ்நோக்கித் தள்ளிப் படிக்கும் கொரிய வெப்டூன்கள் 2000-களின் தொடக்கத்தில் கணினித் திரையில் வந்தபோது, பக்கம் என்ற அலகே காணாமல் போனது. எல்லாக் கட்டங்களும் ஒரே பார்வையில் தெரியும் என்ற கிரோன்ஸ்தீனின் அடிப்படை இங்கே ஆட்டம் காண்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கட்டங்களே கண்ணில் படும். பதிலுக்குப் புதிய வசதி ஒன்று கிடைத்தது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் வேண்டுமானாலும் விடலாம். ஒருத்தி மாடியிலிருந்து விழுகிறாள் என்றால், விரல் தள்ளத் தள்ள வெறும் கறுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். விழும் நேரத்தை நம் கட்டைவிரல் அளக்கிறது. காகிதத்தில் ஒரு கோடளவு இருந்த இடைவெளி இப்போது முழங்கை நீளம்.

எங்கே தொடங்குவது?

புத்தகப் பட்டியலோடு தொடங்க வேண்டாம். பலமுறை படித்த ஒரு காமிக்ஸை எடுத்து, ஒரு பக்கத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் படிக்காமல் பாருங்கள். எந்தக் கட்டம் பெரிது, கறுப்பு எங்கே குவிந்திருக்கிறது, கண் முதலில் எங்கே போய் விழுகிறது? பிறகு பலூன்களைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டுக் கதை எவ்வளவு தேறுகிறது என்று பாருங்கள். பிறகு தாவல்களை எண்ணுங்கள். அதே கதையின் மொழிபெயர்ப்பு கிடைத்தால் பக்கத்தில் வைத்து, ஒலிக்குறிப்புகளை என்ன செய்திருக்கிறார்கள் என்று மட்டும் ஒப்பிடுங்கள். ஓர் ஆய்வுக் கட்டுரைக்கான சரக்கு அதிலேயே கிடைத்துவிடும்.

பக்கத்தில் மூன்று நாலு வயதுக் குழந்தை இருந்தால், நம் இரண்டு கட்டங்களை ஒரு தாளில் கிறுக்கிக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். “இது பூனை. இது மாமா” என்று தனித்தனியாகக் கைகாட்டிவிட்டு அது வேறு விளையாட்டுக்குப் போய்விடக்கூடும். அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை டம்ளர் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது.